முதல்நூலா, வழிநூலா? வண்ணப் படமும் நரம்பு வலையும் காப்புரிமைத் தேர்வும்

நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை மேலும் நான்காகப் பகுக்கின்றது. விரிந்ததைத் தொகுப்பது, தொகுத்ததை விரிப்பது, இரண்டும் கலந்து செய்வது, வேற்று மொழியிலிருந்து பெயர்ப்பது என்பன அவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய நன்னூல், சார்புநூல் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்கின்றது. ஒருவர் செய்ததில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு முன்னோருடையது என்று அளக்கும் உரைகல்லை நம்மவர் அன்றே கையில் வைத்திருந்தனர்.

இன்று காப்புரிமை கேட்டு வருவோரிடம் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். “நீ செய்தது புதிதா? புதிதே ஆனாலும், அத்துறையில் கைதேர்ந்த எவனுக்கும் தானாகத் தோன்றக் கூடியதா?” இந்த இரண்டாம் கேள்வியை ‘வெளிப்படைத் தன்மை’ என்கிறார்கள். பாத்திரக்கடைக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் நினைக்கலாம். என் கடை வாசலுக்கே அந்தக் கேள்வி நடந்து வந்தது, அதனால்தான்.

பாக்கு பிரிக்கும் பையன்

நம்ம கேம்பல் பேயில் 1969 முதல் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பையன். சென்னையில் பொறியியல் படித்துவிட்டு வந்திருக்கிறான். காயவைத்த பாக்கைக் கைபேசியில் படம் எடுத்தால், நிறத்தைப் பார்த்து நல்லது, நடுத்தரம், கழிவு என்று அதுவே பிரித்துச் சொல்லும்படி ஒரு செயலி செய்திருந்தான். உள்ளே இருப்பது ‘நியூரல் நெட்வொர்க்’ எனப்படும் நரம்பு வலை. எங்க கடைத் திண்ணையில் வைத்துக் காட்டினான். நன்றாகவே வேலை செய்தது.

பெருநகரத்து ஏஜெண்ட் ஒருவர், “இதுக்குக் கண்டிப்பா பேட்டன்ட் கிடைக்கும், பணத்தைக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டார். தனி ஆள் இணையவழி விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். ஏஜெண்ட் கேட்டதோ அதைப்போல் பல மடங்கு. அவன் அம்மா நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“நயினார் தாத்தா, நீங்கதான் எல்லாம் படிக்கிறீங்களே, ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

“தம்பி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாமளே அந்த அதிகாரி மாதிரி உக்காந்து பார்த்துடுவோம்” என்றேன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழை வடம் இங்கு வந்து சேர்ந்த பிறகு, பழைய காப்புரிமை ஏடுகளையும் தீர்ப்புகளையும் கடையில் இருந்தபடியே படிக்க முடிகிறது. அந்த மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் செய்த தேர்வும், அதனால் இந்தத் தேர்வுமுறை மேல் எனக்கு எழுந்த விமரிசனமுமே இக்கட்டுரை.

மிர்சாபூர் பாத்திர வழக்கு

நம் நாட்டில் இதற்கு மூல வழக்கு ஒரு பாத்திர வழக்கு என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்பது வழக்கின் பெயர். இரண்டும் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பாத்திரம் செய்த நிறுவனங்கள். லேத்தில் பாத்திரத்தைப் பொருத்திக் கடையும்போது அது கழன்று பறந்து தொழிலாளியைத் தாக்கும் அபாயம் இருந்தது. பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் சுழல் தண்டு, அதற்கேற்ற பொருத்தி ஆகியவற்றைச் சேர்த்த முறைக்கு 1951-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978 டிசம்பரில் அக்காப்புரிமை செல்லாது என முடிந்தது. தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த வேலைக்கே சேர்ப்பது பட்டறைத் திருத்தமே ஒழியக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் திருத்தத்தால் பயன் இல்லை என்பதல்ல பேச்சு. வேகம், பாதுகாப்பு, மெருகு எல்லாம் சொல்லப்பட்டன. ஆனால் பயன் வேறு, கண்டுபிடிப்பு வேறு. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு, 2002, 2005 திருத்தங்களுக்குப் பின், தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருந்தால் போதும் என்பது போல முதலில் தோன்றும். முழுதும் படித்தால் அதோடு நில்லாமல், துறை வல்லுநருக்கு வெளிப்படையாக இருக்கக் கூடாது என்றும் கேட்கிறது. ஏஜெண்டுகள் முதல் பாதியைச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். பையனும் அந்த முதல் பாதியைத்தான் நம்பியிருந்தான்.

கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு

இனி நரம்பு வலைக்கு வருவோம். கணினிக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய அட்டவணை. கறுப்பு வெள்ளைப் படமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண், 0 முதல் 255 வரை. வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். நரம்பு வலை அந்த எண்களை எடைக்கல் வைத்தாற்போல் ஏற்ற இறக்கமான மதிப்புகளால் பெருக்கிக் கூட்டி, படிப்படியாக ஒரு முடிவுக்கு வரும். தவறினால் எடைக்கற்களைத் திருத்திக்கொள்ளும். வியாபாரிக்கு இதைவிட எளிதாக விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமா 1980-இல் இத்தகைய பல அடுக்கு அமைப்பை வெளியிட்டார். 1989-இல் யான் லெகுன் குழுவினர் அஞ்சல் உறைகளில் கையால் எழுதிய எண்களைப் படிக்கவைத்தனர். அவையெல்லாம் சாம்பல் நிறப் படங்கள். 2012-இல் க்ரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்டன் மூவரும் செய்த ‘அலெக்ஸ்நெட்’ வண்ணப் படங்களை வகை பிரிக்கும் போட்டியில், ஐந்து ஊகங்களில் ஒன்றும் சரியாக அமையாத பிழை அளவை 15.3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்தவரின் பிழை 26.2 சதவீதம். அவ்வலையின் முதல் அடுக்கில் உள்ள ஒவ்வொரு சல்லடையும் 11க்கு 11 கட்டம். ஒரே நிறமானால் 121 எண்கள், மூன்று நிறமானால் 363 எண்கள். சாம்பலிலிருந்து வண்ணத்துக்குப் போவது என்பது இந்த இடத்தில் மூன்றால் பெருக்குவதே. மரபியல் மொழியில் சொன்னால் இது ‘விரித்தல்’.

ஆகவே, “நரம்பு வலை, அதில் வண்ணப் படம்” என்று மட்டும் இன்று ஒருவர் உரிமை கேட்டால் அது நிற்காது. பூ வைத்த இடத்தில் பாக்கு வைத்தேன் என்றாலும் நிற்காது.

பையன் விடவில்லை. “தாத்தா, வெயில்ல எடுத்தா ஒரு நிறம், மேகத்துல எடுத்தா ஒரு நிறம், டியூப்லைட்ல வேற நிறம். அதை நான் சரி பண்ணியிருக்கேனே” என்றான். நியாயமான பேச்சு. இங்கே வண்ணம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது, அவன் அதற்குத் தீர்வு கண்டிருக்கிறான். தேடினோம். விளக்கொளியின் நிறத்தை நரம்பு வலையால் ஊகிக்கும் ஆய்வைக் கார்டெய், ஃபன்ட், பர்னார்ட் ஆகியோர் 2002-இலேயே வெளியிட்டிருந்தனர். படத்தின் மூலையில் வெள்ளை ஓடு வைத்து ஒப்பிடும் அவன் உத்தி, புகைப்படக்காரர்கள் நெடுநாள் கையாளும் சாம்பல் அட்டையின் தம்பி. பையன் முகம் வாடிவிட்டது.

வண்ணத்தில் உண்மையான முதல்நூல்

அப்படியானால் வண்ணப் பட வேலையில் எதுவுமே கண்டுபிடிப்பு ஆகாதா என்றால், ஆகும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 ஜூலை 20-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையைப் பாருங்கள். கேமராவின் உணர்பரப்பில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே ஒரு நிறக் கண்ணாடி. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்பங்கு சிவப்பு, கால்பங்கு நீலம். மூன்று நிறம் என்றால் மூன்றில் ஒரு பங்காகப் பிரிப்பதுதானே யாருக்கும் தோன்றுவது? மனிதக் கண் நுணுக்கத்தைப் பச்சைப் பகுதியில்தான் அதிகம் காண்கிறது என்று அறிந்து, அதற்கு இரட்டைப் பங்கு கொடுத்தார். விடுபட்ட எண்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். இன்று நம் கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த ஏற்பாடே. வண்ணத்தை மூன்றால் பெருக்கியவர் பலர். வண்ணம் ஏன் அப்படித் தெரிகிறது என்று கேட்டு, அந்த விடையைக் கருவியில் வைத்தவர் இவர்.

விடை தெரிந்த பின் விடுகதை

இங்கேதான் என் விமரிசனம். விடுகதைக்கு விடை சொன்ன மறுகணம், “அட, இதுதானா!” என்று எல்லாரும் சொல்வோம். பேயர் செய்ததும் இன்று பார்க்க எளிதாகவே தெரியும். பின்னால் இருந்து பார்ப்பவனுக்கு எல்லாக் கண்டுபிடிப்பும் வெளிப்படைதான். நீதிமன்றங்களும் இதை அறிந்தே படிகள் வகுத்தன.

இங்கிலாந்தில் 1980களில் நடந்த அலைப்பலகைப் பாய்மர வழக்கு (விண்ட்சர்ஃபிங் எதிர் டாபர் மரைன்) நம்மைப் போன்ற தீவுவாசிகள் ரசிக்கத் தக்கது. ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவன் 1958-இல் தானே செய்து ஓட்டிய பலகையும், 1965-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் சேர்ந்து பெரிய நிறுவனத்தின் காப்புரிமையைக் கவிழ்த்தன. அவ்வழக்கில் பிறந்த படிமுறையை ஒட்டி, டெல்லி உயர் நீதிமன்றம் 2015-இல் ரோஷ் எதிர் சிப்ளா வழக்கில் தன் படிகளைச் சொன்னது. துறை வல்லுநர் யார்? கண்டுபிடிப்பின் கரு எது? அந்தத் தேதியில் பொதுவாகத் தெரிந்திருந்தது என்ன? இரண்டுக்கும் வேறுபாடு என்ன? விடையை மறந்துவிட்டுப் பார்த்தால் அவ்வேறுபாடு தானாகத் தோன்றுமா?

2022 மார்ச்சில் அதே நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில் இன்னும் தெளிவாக்கியது. முன்பு இருந்தது எது, இப்போது கேட்பது எது, ஒன்றிலிருந்து மற்றொன்று வல்லுநருக்கு எப்படித் தோன்றும் என்ற மூன்றையும் அதிகாரி எழுதிக் காட்ட வேண்டும். “இது வெளிப்படை” என்று முடிவை மட்டும் எழுதினால் போதாது.

நரம்பு வலை விஷயத்தில் இந்த எழுதிக் காட்டும் கடமை இரட்டிப்பாகிறது என்பது என் கருத்து. காரணம், ‘துறை வல்லுநர்’ என்பவரின் அறிவு இத்துறையில் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2011-இல் ஆராய்ச்சியாளருக்கே எட்டாதது 2015-இல் மாணவன் பாடம். எனவே தேதி இல்லாத “எல்லாருக்கும் தெரிந்ததே” என்ற வாக்கியம் தராசுத் தட்டில் கட்டைவிரல் வைப்பதற்குச் சமம். எதிர்ப்பக்கமும் உண்டு. நரம்பு வலை என்ற பெயரின் பளபளப்பில் மயங்கிப் பட்டறைத் திருத்தத்துக்கு இருபது ஆண்டு ஏகபோகம் கொடுத்தால், நாளை இங்கே பாக்கைப் படம் எடுத்துப் பிரிக்கும் இன்னொரு ஏழைப் பையன் குற்றவாளி ஆவான். கணினி நிரலும் கணித முறையும் தம்மளவில் கண்டுபிடிப்பு ஆகா என்னும் 3(கே) பிரிவு வேறொரு வாசல். அந்த வாசலை மட்டும் சாத்திவிட்டு இந்த உரைகல்லைத் தொடாமல் விடுவதும் சோம்பலே.

எங்கள் தேர்வின் முடிவை ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதினோம். இடப்பக்கம் முன்பு இருந்தது, ஆண்டோடு. நடுவில் பையன் செய்தது. வலப்பக்கம் வேறுபாடு. வலப்பக்கத்தில் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. விண்ணப்பம் போடவில்லை, நகை வீட்டிலேயே இருக்கிறது.

“அப்போ நான் பண்ணினது ஒண்ணுமே இல்லையா தாத்தா?” என்று கேட்டான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“வழிநூல்டா தம்பி” என்றேன். “நன்னூலே தொல்காப்பிய வழியில வந்த நூல்தான். எழுநூறு வருஷத்துக்கு மேல நம்ம பிள்ளைங்க இலக்கணம் படிச்சது அதை வெச்சுத்தான். வழிநூல்னு சொன்னா குறைச்சல் இல்லை. முதல்நூல்னு பொய் சொன்னாத்தான் குறைச்சல்.”

வெறுமனே “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் போ” என்று நான் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்கவும் மாட்டான், மன்னித்திருக்கவும் மாட்டான். ஆண்டும் ஏடும் காட்டியதால் ஏற்றுக்கொண்டான். தீர்ப்பு சரியாக இருப்பது மட்டும் நீதி ஆகாது, தோற்றவன் படித்துப் புரிந்துகொள்ளும்படி காரணம் எழுதியிருக்க வேண்டும் என்பதை அந்த நோட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

செயலியை இப்போது பக்கத்துத் தோட்டத்தார் நான்கைந்து பேர் காசில்லாமல் பயன்படுத்துகிறார்கள். மழைநாளில் மட்டும் நடுத்தரப் பாக்கைக் கழிவு என்று சொல்லிவிடுகிறதாம். பையன் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறான். அதில் எதாவது புதிதாகத் தோன்றினால் வலப்பக்கப் பத்தியில் எழுத இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறோம். கற்றறிந்தோர் என் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துக.