வருந்திக் கேட்டலும் பரிசில் கடாநிலையும்

லூக்கா நற்செய்தி 11-ஆம் இயலில், நள்ளிரவில் நண்பனது கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்பவன் ஒருவனைக் காண்கிறோம். அவன் விடாது கேட்டமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'அனைதேயா' என்பது. அதன் நேர்ப்பொருள் நாணின்மை. 1871-இல் வெளிவந்து இன்றும் தமிழ்ச் சபைகளில் வழங்கும் பவர் மொழிபெயர்ப்பு, அதனை 'வருந்திக் கேட்கிறது' என ஆக்கிக்கொண்டது. வருந்தி அழைத்தல் என்னும் வழக்கறிந்த செவிக்கு இது கேட்பவனது துன்பத்தையும் விடாப்பிடியையும் ஒருங்கே உணர்த்தும் நல்ல சொல். ஆயின் நாணின்மை மறைந்தது. வள்ளுவர் இரவு என்னும் அதிகாரத்தை அடுத்தே இரவச்சம் வைத்தார். அந்நூல் பயின்றவர்க்கு, ஓயாது மன்றாடுதல் மானத்தோடு பொருந்துமா என்னும் ஐயம் எழாதிராது.

இவ்வையத்திற்கு விடை தேடப் புறநானூற்றின் பரிசில் கடாநிலைத் துறையை நோக்குதல் தகும். அதியமான் பரிசில் நீட்டித்தபோது அவ்வையார் பாடியன இரண்டு. 206-ஆம் பாட்டில் அவர் வாயிலோனை விளித்து, இசைக்கருவிகளைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். எத்திசையிலும் சோறுண்டு என்பது அவர்தம் செருக்கு. 101-ஆம் பாட்டிலோ, பரிசில் காலந்தாழ்ப்பினும் யானை தன் கோட்டிடை வைத்த கவளம்போலக் கைப்பட்டதே என்று தம் நெஞ்சைத் தேற்றுகிறார். கேட்பவர் ஒருவர், புரவலனும் ஒருவன். முன்னதில் மானம் பிரிவைத் தூண்டுகிறது. பின்னதில் கொடுப்பவன் இயல்பை அறிந்த அறிவு காத்திருக்கச் செய்கிறது.

லூக்கா 18-ஆம் இயலின் கைம்பெண் நிற்பது இவ்விரண்டாம் நிலையில் அன்று. அவளுக்கு நடுவன்மீது நம்பிக்கை ஏது? அவன் கடவுளுக்கும் அஞ்சாதவன். செல்வதற்கு வேறு மன்றம் இல்லாமையே அவளை நிறுத்தியது. நடுவனைக் கடவுளுக்கு ஒப்பாக்குவது உவமையைச் சிதைப்பதாகும். அத்தகையவனே இணங்கினான் எனின் நீதியுள்ளவன் இணங்கானோ என்பதே அதன் போக்கு. அவ்வுவமை இறுதியில், மண்ணில் விசுவாசம் காணப்படுமோ என்னும் வினாவில் முடிகிறது. அவ்விடத்துக் கிரேக்கச் சொல் நம்புதலையும் மாறாது நிற்றலையும் சுட்டுவது. விசுவாசமுள்ள ஊழியன் என்னும் வழக்கை நோக்கின், தமிழ்ச் சொல்லும் அவ்விரு பொருளையும் தாங்குதல் புலனாகும். தனித்தமிழ் வேண்டி அதனை நம்பிக்கை என்று மட்டும் மாற்றுவோர் இவ்விழப்பையும் எண்ணிப்பார்த்தல் நன்று.

மத்தேயு 6:7 வீண்சொல் அடுக்குதலை விலக்குகிறதே எனின், 1853-இல் தோன்றிய ஆர்க்காட்டு மிஷன் பணிசெய்த ஊர்களுள் ஒன்றாகிய ஆரணியில் இதற்கு விளக்கம் எளிது. பட்டுத் தறியில் நாடா ஓடும் ஓட்டம் ஒன்றே. எனினும் ஓட்டந்தோறும் ஓர் ஊடை ஏறித் துணி வளர்கிறது. பாவு இல்லாத தறியில் ஓட்டினாலன்றோ அது வீண்!

இனி, கிறித்தவ மன்றாட்டில் 206-ஆம் பாட்டின் சினத்திற்கு இடமே இல்லையோ எனின், உண்டு. 13-ஆம் சங்கீதத்தில் 'எதுவரைக்கும்' என்னும் வினா நான்குமுறை எழுகிறது. அவ்வையாரின் கடுமை அங்கும் குறையவில்லை. கருவிகளைக் கட்டிக்கொண்டு வாயிலைக் கடக்கும் செயல்தான் இல்லை.