பழைய ஜீப்பின் மூச்சு

குன்னத்துகால், வெள்ளறடை பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவுகளில் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று திணறாமல் ஏறுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். இத்தகைய ஜீப்புகள் பலவற்றில் இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம், 2112 சிசி. டர்போ கிடையாது. தானாக இழுக்கும் காற்றுதான் அதன் பலம்.

அதனால் முதல் வேலை ஏர் கிளீனர். பழைய வண்டிகளில் அதன் அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும்; உள்ளே வரும் தூசி அந்த எண்ணெயில் படியும். கிளிப்பை நெம்பிக் கழற்றினால் களிம்புபோல் கறுத்த சேறு. வலையை மண்ணெண்ணெயில் அலசி, உலரவிட்டு, குறியளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும். கூடிப்போனால் எஞ்சின் அதையும் உறிஞ்சிவிடும்.

அடுத்து டேப்பட் இடைவெளி, நாசில், பம்ப் டைமிங். பம்பில் டீசலை அளவுக்கு மேல் கூட்டிவைத்தால் கரும்புகைதான் மிஞ்சும்; காசும் கரியாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது முன்சக்கரத்து ஃப்ரீ வீலிங் ஹப். தார்ச்சாலையில் கையால் திருகி விடுவித்தால் முன் ஆக்சிலும் புரொப்பல்லர் ஷாஃப்டும் வீணாகச் சுழலாது. எத்தனை எளிய யோசனை!

அழகுக்காகப் பெரிய டயர் போடாதீர்கள். விட்டம் 10 சதவீதம் கூடினால் ஏற்றத்தில் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். இழுவை போதவில்லை என்றால், பிரேக் டிரம் உரசுகிறதா என்று சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். டயருக்கு வைத்திருந்த காசில் நாசிலைச் சோதிக்கக் கொடுங்கள்.