சப்வொலியூமும் ஸ்னாப்ஷொட்டும்: ஒரு சொல்லாய்வு

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் லினக்சுக் கோப்பு முறைமைகளுள் பி.ரி.ஆர்.எவ்.எஸ். தனித்து நோக்கத்தக்கது. 2007 ஆம் ஆண்டில் ஒரக்கிள் நிறுவனத்திற் பணியாற்றிய கிறிஸ் மேசன் தொடக்கிய இம்முறைமை 2009 இல் லினக்சுக் கேர்னலிற் சேர்க்கப்பட்டது. அதன் நுட்பம் பாராட்டுக்குரியது. அதன் சொற்களை அவ்வாறு பாராட்டுதல் அரிது.

'சப்வொலியூம்' என்பதைக் கேட்போர் வட்டினை வெட்டிப் பிரித்த பகுதி எனவே கொள்வர். எல்.வி.எம். போன்ற ஏற்பாடுகளில் வொலியூம் என்பது தனிச் சாதனமாக நிற்பது. இங்கோ அது தனக்கென வேறான கோப்பெண் வரிசையையுடைய ஒரு கோப்புமரம். சேமிப்பிடம் ஏனைய மரங்களோடு பொதுவானது. தமிழில் 'உபகனவளவு' என்போமாயின் பௌதிகவியற் பாடநூல் நினைவுக்கு வந்து நகைப்பே விளையும். 'துணைத்தொகுதி' அதனினும் மேல். எனினும் மரத்தை மறைத்துவிடுகின்றது.

'ஸ்னாப்ஷொட்' விளைவிக்கும் மயக்கம் இன்னும் பெரிது. நிழற்படம் அசைவற்றது. ஸெட்.எவ்.எஸ். முறைமையில் ஸ்னாப்ஷொட் உண்மையிலேயே மாற்றவொண்ணாதது. எழுதத்தக்க வடிவிற்கு அங்கே 'குளோன்' என வேறு பெயருண்டு. பி.ரி.ஆர்.எவ்.எஸ். இலோ, வாசிப்புக்கு மட்டும் எனக் குறித்துக் கேட்டாலன்றி, அது எழுதத்தக்கதாகவே பிறக்கின்றது. அது தானும் ஒரு சப்வொலியூமே. மூலத்தை நீக்கினும் நிலைக்கும். படத்தில் யாவும் அடங்கும் என்ற நம்பிக்கையும் பொய்க்கும். உள்ளே வேறொரு சப்வொலியூம் இருப்பின் அவ்விடத்தில் வெற்று அடைவே எஞ்சும். தன் ஆய்வேட்டை அதனுள் வைத்திருந்த மாணவன் மீட்க முற்படும் நாளிலேயே இதனை அறிவான்.

'நகல்' எனலாமோ? அதுவும் பொருந்தாது. எடுக்கும் கணத்திற் கோப்புகளின் உள்ளடக்கம் படியெடுக்கப்படுவதில்லை. இரு மரங்களும் ஒரே தரவைச் சுட்டி நிற்க, பின்னர் மாறும் பகுதி மட்டுமே வேறிடத்தில் எழுதப்படும். வட்டு ஒன்றேயாயின், அது பழுதுறும்போது இரண்டும் ஒருங்கே அழியும். 'நகல்' என்னும் சொல்லோ காப்புப்படி கையிலுண்டு என்ற பொய்த் துணிவைத் தரும்.

தோட்டஞ் செய்வோரிடம் 'பதியம்' என்றொரு சொல் உண்டு. தாய்மரத்தின் கிளை வேர்விட்டுத் தனிமரமாவது அது. தாய் பட்டாலும் தான் வளரும். பக்கத்தில் ஊன்றிய பதியத்திற்கும் தாய்க்கும் நிலம் ஒன்றே. வெள்ளம் வரின் இரண்டுக்கும் கேடு. கோப்புமரம், பதியம் என்ற இணை பொருளை நன்கு விளக்கும் என்பது என் துணிபு. வாசிப்புக்கு மட்டுமான வகைக்கு இச்சொல் இசையாது என்பர். உண்மையே, அதற்கு மட்டும் 'நொடிப்படம்' என்ற பெயரை விட்டுவைக்கலாம்.