நிறுத்தக்குறி இடுக

பள்ளித் தேர்வில், குறிகளைக் களைந்த வாக்கியம் ஒன்றைத் தந்து 'நிறுத்தக்குறி இடுக' என்கிறார்கள். யாரோ எழுதியது, யாரோ நிறுத்தியது. மாணவன் ஊகிக்க வேண்டியது பிறர் மூச்சை.

ஓலைச்சுவடியில் இன்றைய குறிகள் இல்லை. நிறுத்தம் படிப்பவன் பொறுப்பு. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் உரைநடையில் அவற்றைக் கையாண்டபோது அப்பொறுப்பு எழுதுகிறவனுக்கு வந்தது. வகுப்பறை அதை விடைத்தாள் திருத்துபவரிடம் ஒப்படைத்துவிட்டது.

'நேற்று வந்த பையனின் அப்பா' - வந்தது யார்? 'வந்த'வுக்குப் பின் காற்புள்ளி விழுந்தால் அப்பா, இல்லையேல் பையன். இத்தீர்மானத்தைத் தன் வாக்கியத்தில் ஒருமுறையாவது எடுத்திராதவனுக்குக் காற்புள்ளி வெறும் மதிப்பெண்.

நடை என்று நாம் பேசுவது இத்தகைய தீர்மானங்களைத்தான். நல்ல உரைநடைக்கு வாசகன் இல்லையென்று அங்கலாய்க்கிறோம். எட்டாம் வகுப்பில் அவனைச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத விட்டோமா?