கேரள மீனவருக்குச் செய்த சம்மானம்

1924ஆம் ஆண்டில் திருவிதாங்கூரையும் கொச்சியையும் மூழ்கடித்த பெருவெள்ளத்தை, அது கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று மலையாள நாட்டு முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அதற்கு ஒப்பான பிரளயம் 2018 ஆகஸ்டில் வந்தது. அம்மாதத்தின் முதல் 19 நாட்களில் வழக்கத்தைவிட 164 சதவீதம் மிகுதியாக மழை கொட்டி, 35 அணைகளின் மதகுகளைத் திறந்துவிட வேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்து, பம்பையும் பெரியாறும் சாலக்குடியாறும் ஊர்களுக்குள் புகுந்து, செங்கன்னூர்ச் சட்டமன்ற உறுப்பினர் சஜி செறியான் ஹெலிகாப்டர் அனுப்பும்படி தொலைக்காட்சியில் கண்ணீருடன் மன்றாடிய அந்த நாட்களில், கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழைக் கடற்கரைகளின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். அரசாங்கக் கணக்கின்படி படகுகள் 669. வந்த மீனவர்கள் 4,000 பேருக்கு மேல். அவர்கள் கரை சேர்த்த உயிர்கள் ஏறக்குறைய 65,000.

அம்மாத இறுதியிலேயே அரசாங்கம் திருவனந்தபுரத்தில் அவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தது. முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று போற்றினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் அவர்களை நோபல் சமாதானப் பரிசுக்குப் பிரேரணை செய்தார். இவையெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. கல்வியிலும் சுகாதாரத்திலும் உலகமே வியந்த கேரளத்தின் முன்னேற்றத்தில் கடற்கரை மக்கள் சேராமல் வெளியே நின்றுவிட்டார்கள் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜான் குரியன் 1995லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். மீன் வாடை என்று முகம் சுளித்து, கடற்புறத்தான் என்று ஒதுக்கி வைத்த உள்நாட்டுக் குடும்பங்கள், மாடியில் இரண்டு நாள் பட்டினி கிடந்தபின், அந்தக் கடற்புறத்தானுடைய தோளைப் பற்றிக்கொண்டு படகில் இறங்கின என்றால், அந்த உண்மையை நாடறிய ஒப்புக்கொள்வதற்கு ஒரு விழா அவசியந்தான். நன்றியை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் அது மீட்கப்பட்டவனுக்கு மட்டுமே தெரியும். சபையில் சொன்னால்தான் மீட்டவனுடைய குழந்தை பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியும்.

ஆயினும் இந்தச் சம்மானத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அது மீனவருடைய தியாகத்தைப் புகழ்ந்ததே தவிர, அவர்களுடைய தொழிலைப் புகழவில்லை. அன்று 65,000 பேரைக் காப்பாற்றியது நல்ல மனம் மாத்திரமா? நல்ல மனம் படைத்தவர்கள் கேரளம் முழுவதும் இருந்தார்கள்; அவர்களிடம் படகும் இல்லை, பாய்ந்து வரும் நீரின் போக்கை அதன் சுழிப்பைக் கண்டே கணிக்கும் கண்ணும் இல்லை. மதிற்சுவரும் இரும்பு வாயிலும் நீருக்கடியில் மறைந்து கிடக்கும் தெருவில் எந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட வேண்டும், எதிரோட்டத்தில் படகின் முகத்தை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும், அஞ்சி நடுங்கும் கிழவியைப் படகு சாயாமல் எப்படி ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் சிறுவயது முதல் அலைவாயில் பழகிப் பழகி உடம்பில் ஊறிய வித்தை. பட்டாளத்துப் பொறியாளனிடம் இருக்கும் வித்தைக்கு இது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. அதைத் தியாகம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டபோது, தியாகிக்குக் கைகூப்பினால் போதும், தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டாம் என்ற எண்ணம் ஓசையின்றி உள்ளே புகுந்துவிட்டது.

பணத்தைப் பற்றி எழுந்த பேச்சில் இது நன்கு வெளிப்பட்டது. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், உடைந்த படகுகளைச் செப்பனிட்டுத் தருவதாகவும் அரசாங்கம் அறிவித்தது. உடன்பிறந்தாரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மீனவர் சிலர் மறுத்துரைத்தார்கள். அந்த மறுப்பு நாடெங்கும் பரவிப் பலருடைய கண்களைக் கலங்க வைத்தது. அந்த உள்ளத்தின் உயர்வை நான் ஐயுறவில்லை. ஆனால் மறுத்தவனைப் பத்திரிகைகள் கொண்டாடக் கொண்டாட, வாங்கிக்கொண்டவன் ஏதோ ஒரு படி இறங்கியவனைப் போல் ஆகிவிட்டான். கடனுக்கு வாங்கிய படகு மதிலில் மோதிப் பிளந்து, நாலைந்து நாள் கடலுக்குப் போகாமல் வீட்டில் உலை வைக்க வழியின்றி நின்றவன் அந்த 3,000 ரூபாயை வாங்கியதில் என்ன குறை? சம்பளம் வாங்கும் இராணுவ வீரனுடைய வீரத்தை யாரும் அதனால் குறைத்து மதிப்பதில்லையே! படை என்று பெயர் சூட்டினோம். படைவீரனுக்குள்ள ஊதியமோ, காயம் பட்டால் சிகிச்சையோ, இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியமோ அந்தப் பெயரோடு சேர்ந்து வரவில்லை. கடலோரக் காவல் நிலையங்களில் மீனவ இளைஞர் 200 பேரை வார்டன்களாக நியமிப்பது என்று எடுத்த முடிவு, வித்தையை வித்தையாக மதித்த ஒரு செயல் என்பதனால், விழாவைவிட அதையே நான் மேலாகக் கருதுகிறேன்.

ஒன்றை மறக்கலாகாது. இந்த வெள்ளத்துக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு, 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவக் கிராமங்களைச் சூறையாடிற்று. எச்சரிக்கை காலத்தில் வந்து சேராமல், ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல், தூத்தூரிலும் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பெண்கள் கரையில் கதறிக்கொண்டிருக்க, அரசாங்கத் தேடுதல் போதவில்லை என்று மீனவர்களே தங்கள் படகுகளில் தேடப் புறப்பட்டார்கள். தாங்கள் காத்திருந்தபோது வராத உதவியை, பிறர் காத்திருந்தபோது அழைப்பை எதிர்பாராமல் கொண்டு சென்றவர்கள் இவர்கள். பாராட்டுரைகளில் இந்த வரலாறு எவ்வளவு பெரிய இடத்தைப் பெற்றிருக்க வேண்டும்!

பிறகு நடந்ததும் மனத்துக்கு ஆறுதல் தருவதாயில்லை. கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் திருவனந்தபுரத்து வலியதுறையில் கிடங்குகளுக்குள் திரைச்சீலை கட்டிக் குடித்தனம் செய்தன. கடலோரத்து 18,685 குடும்பங்களை மாற்றிக் குடியமர்த்தப் 'புனர்கேகம்' என்ற திட்டம் வந்தது; குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்பதில், தொழிலுக்கு எட்டும் தூரத்தில் நிலம் வாங்குவது அரிது. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்தை எதிர்த்து மீனவர்கள் கிளர்ச்சி செய்தபோது, முன்னம் வாழ்த்திய வாய்களிற் சில அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்றன. கிளர்ச்சியின் எல்லாக் கோரிக்கைகளும் நியாயமானவையா என்பது வேறு விவாதம். ஆனால் உபகாரம் செய்யும்போது வீரன், உரிமை கேட்கும்போது விரோதி என்று ஒரே மனிதனை இருவகையாகக் காணும் பார்வைக்கு அந்தப் பழைய புகழுரையே வித்திட்டது என்பது என் துணிபு.

வெள்ளத்தில் உதவிய அந்தப் படகுகளிற் பெரும்பாலானவற்றின் வெளிப்புற எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மானிய விலை மண்ணெண்ணெய் குறையக் குறைய, வெளிச்சந்தையில் வாங்கிக் கடலுக்குப் போவதே நஷ்டமாகி வருகிறது. அடுத்த வெள்ளத்துக்கும் அவர்களையே நம்புவதானால், ஒவ்வோர் ஆண்டும் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், மாவட்ட ஆட்சியரும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் கூடியிருந்து, எந்தத் துறையிலிருந்து எத்தனை படகுகள் எந்த ஆற்றுப் பகுதிக்குச் செல்வது, லாரி யார் தருவது, நாட்கூலி எவ்வளவு, பழுதுக்கு ஈடு எத்தனை வாரத்தில் கைக்கு வரும், ஓட்டுபவனுக்கு உயிர்க்காப்பீடு எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு மேடையும் பொன்னாடையும் வேண்டியதில்லை. கருவூலத்தில் தனியே ஒரு நிதியும், மீனவர் சொல்லும் கணக்கைப் பேரம் பேசாமல் ஏற்கும் உத்தியோகஸ்தர்களும் வேண்டும்.