ஆக்சில் மூக்கும் அரை டிகிரியும்: டிஜிட்டல் கோணமானியோடு ஜிம்னிக்கு அடியில்

செம்பனை லோரிகள் ஓடும் தோட்டச் சாலைக்கு மழைக்காலத்தில் முதுகு முளைத்துவிடும். இரண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாக இறங்க, நடுவில் மேடு எழுந்து நிற்கும். ஜாசின் மாவட்டத்தில் ஆசஹான், நியாலாஸ் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். அந்த மேடு வெறும் மண்ணும் அல்ல. மலாக்கா கோட்டைக்கு வெட்டி அடுக்கிய செம்பூராங்கல்லின் சில்லுகள் அதற்குள் கிடக்கின்றன. அதில் ஆக்சிலின் வயிறு இரண்டு முறை உரசினால் போதும், ‘காடியைத் தூக்கணும்’ என்று முடிவு பண்ணிவிடுவோம்.

தூக்குவதற்குப் பட்டறை உண்டு, சாமான் உண்டு. தூக்கிய பிறகு புரொபெலர் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. அளக்கும் கருவி நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, அடியில் காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி. பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றித் தூக்கிய ஒரு பழைய சுசுக்கி ஜிம்னி எஸ்ஜே 410-க்கு அடியில் படுத்துக்கொண்டு இதைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

எஸ்ஜே 410 இந்தச் சோதனைக்கு மிகப் பொருத்தமான வண்டி. 970 சிசி எஞ்சின், முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,030 மி.மீ.தான். அந்தக் குறுகிய இடத்தில் கியர்பாக்ஸ் ஒரு பக்கம், டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக ஒரு பக்கம், இரண்டையும் இணைக்க ஒரு குட்டி ஷாஃப்ட். பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டுக்கு மிச்சமிருக்கும் நீளம் கொஞ்சமே. நீளம் குறைந்தால், தூக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சாய்வு கூடுதலாக ஏறும். ஸ்பிரிங்கை மேலே மாற்றினால் உயர்வது ஏறக்குறைய ஐந்து அங்குலம். நீண்ட பிக்கப்பில் இதே உயரம் இவ்வளவு பாடுபடுத்தாது.

சாய்வு ஏன் தொல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் நேராக நிற்கும்போது வாங்கிய வேகத்தை அப்படியே கொடுக்கும். வளைந்து நின்றால் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமாகவும் இரண்டு முறை மெதுவாகவும் சுழற்றும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரை பங்குகூட இல்லை. 15 டிகிரியில் நூற்றுக்கு மூன்றரை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நிமிடத்துக்கு 3,000 சுற்று கொடுத்தால், ஷாஃப்ட் 2,898-க்கும் 3,106-க்கும் இடையே ஊசலாடும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே கோணத்தில் வளைந்திருந்தால் இந்த ஊசலாட்டத்தை அப்படியே கழித்துவிடும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையும் ஆக்சிலின் பினியன் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைக் காதுகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிரீஸ் வைக்கக் கழற்றியபோது ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கணக்கு கெட்டது. கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அளவு. வண்டி சமதரையில் தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி அளந்தால் ஸ்பிரிங் தொங்கிக் கோணம் பொய் சொல்லும். ஷாஃப்ட் குழாயில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, துரு நீக்கி, கருவியை வைத்தேன். காந்தம் கச்சிதமாகப் பிடித்தது. அடிப்பகுதியில் உள்ள வெட்டு குழாயின் வளைவில் நன்றாக உட்காருகிறது. கிடைத்த எண்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனை பின்னோக்கி 3 டிகிரி இறக்கம், ஷாஃப்ட் 18, பினியன் 10. அப்படியானால் முன் கிராஸ் 15 டிகிரி வளைந்திருக்கிறது, பின் கிராஸ் 8 டிகிரி மட்டுமே. ஸ்பிரிங் மேடையைப் பற்றவைத்தவர் பினியன் மூக்கை ஷாஃப்டை நோக்கித் தூக்கிவிட்டிருக்கிறார். கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரியும். ஒரு முனையில் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்ட் என்றால் அதுவே சரியான முறை. இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் உள்ள ஷாஃப்டுக்கு அது தவறு.

தோட்டச் சாலையில் இந்த வண்டி எந்தக் குறையும் காட்டவில்லை. ஆயர் குரோ டோலில் ஏறி மணிக்கு 80 கி.மீ. தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஓர் உறுமல் எழுந்தது. சக்கரத்தைச் சமன் செய்தும் போகவில்லை. இப்படிப்பட்ட உறுமலுக்கு டயரையும் பேரிங்கையும் மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் நிறையப் பேர்.

திருத்தம் செய்யும்போதுதான் கருவி தன் விலையை மீட்டது. பற்றவைத்ததை வெட்டி, ஆக்சிலைச் சுழற்றும்போது, “அண்ணே, இன்னும் எவ்வளவு இறக்கணும்?” என்று பட்டறைத் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். எண்ணைப் படித்துச் சொன்னால் வேலை ஓடுகிறது. மூக்கு இறங்கும்போது ஷாஃப்டின் சாய்வும் கொஞ்சம் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் மூன்று இடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பினியன் மூக்கு மேலே எழும். அதற்கு இடம் விட்டு, இணைக்கோட்டுக்கு ஒரு டிகிரி கீழே நிறுத்தினோம். உறுமல் அடங்கியது. ஆனாலும் 15 டிகிரி 15 டிகிரிதான். கிராஸ் சீக்கிரம் தேயும், கிரீஸ் அடிக்கடி கேட்கும்.

முன்பக்கம் வேறு கதை. அங்கே மூக்கைத் தூக்கினால் ஸ்டியரிங்குக்கு வேண்டிய கேஸ்டர் குறையும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஹப்பைத் திறந்து விட்டால் முன் ஷாஃப்ட் சாலையில் சுழலாது. காட்டில் மெதுவாகத்தான் சுழலும். எனவே முன்னே கேஸ்டருக்கே முதலிடம், ஷாஃப்ட் கொஞ்சம் அதிர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். 2021-இல் இங்கே வந்த புதிய ஜிம்னியில் காயில் ஸ்பிரிங். ஆனால் இந்த இழுபறி அதிலும் அப்படியே இருக்கிறது.

கோணமானியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைத் தரையின் இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் அரை டிகிரி பிசகுகிறது. துணியால் துடைக்காமல் வைக்கக் கூடாது. அதே இடத்தில் முன்பின் திருப்பி வைத்துப் பாருங்கள், இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் பூஜ்ஜியத்தை மறுபடி அமைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் அலுமினிய உடலில் காந்தம் ஒட்டாது, ஃபிளேஞ்சின் இரும்பு முகத்தைத் தேட வேண்டும். கைப்பேசிச் செயலியையும் முயன்றேன். கேமரா மேடும் விளிம்பு வளைவும் அதைச் சரியாக உட்கார விடுவதில்லை. தோராயமாகப் பார்க்க உதவும், பற்றவைக்க நம்ப முடியாது.

கோணமானியால் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. சேஸியைத் தாங்கி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் கிராஸின் காதுகள் ஒன்றையொன்று முட்டுகின்றன. ஸ்ப்ளைன் உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் அப்போதே பார்க்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர்களையும் விடாதீர்கள். அவை தளர்ந்தால் லோ ரேஞ்சில் அந்தப் பெட்டியே திரும்பி, அளந்த கோணமெல்லாம் மாறிவிடும்.

எவ்வளவு தூக்கினாலும் ஆக்சிலின் வயிறு தரையிலிருந்து ஒரு மி.மீ.கூட உயராது, அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. ஸ்பிரிங்கை மேலே மாற்றுவதால் கீழே தொங்கிய ஸ்பிரிங் தகடுகள் மேட்டில் இடிப்பது நிற்கும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். செம்பனைச் சாலைக்கு மட்டும் என்றால் இரண்டு அங்குலமே போதும் என்பது என் கருத்து. ஜேபிஜே அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தூக்கிய காடியை வாங்கப் போகிறீர்கள் என்றால், விலை பேசும் முன் இந்தக் கருவியை அதன் ஷாஃப்டில் வைத்துப் பாருங்கள்.