தகுதி யாருடைய சொல்?

வேலைக்கு ஆள் எடுப்பதில் 'தகுதியா, இடஒதுக்கீடா' என்று கேள்வியைப் போடும்போதே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது. இடஒதுக்கீட்டில் வருபவருக்குத் தகுதி இல்லை என்பது கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 1990இல் மண்டல் பரிந்துரையை வி.பி.சிங் அரசு அமலாக்க முனைந்தபோது வடக்கே தெருவுக்கு வந்த உயர்சாதி மாணவர்களின் வாதம் என்ன? பரீட்சை மார்க்குதான் தகுதி. அதில் கைவைத்தால் நிர்வாகம் நாசமாயிடும். சரி, ஒரு பேச்சுக்கு அப்படியே வச்சுக்குவோம்.

2024 ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. இணைச் செயலர், இயக்குநர், துணைச் செயலர் நிலையில் 45 இடங்கள். 'லேட்டரல் என்ட்ரி' என்கிற பக்கவாட்டு வழி. எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களைச் சலித்து நேர்காணல், அவ்வளவுதான். இடஒதுக்கீடும் கிடையாது. பரீட்சை காணாமல் போனதற்காக இந்த முறை எந்த மாணவர் கூட்டமும் தெருவுக்கு வரல.

இடஒதுக்கீடு எப்படிக் காணாமல் போனது? அதுதான் கணக்கு. 13 புள்ளி ரோஸ்டரில் முதல் மூன்று இடம் பொதுவுக்கு. நான்காவது பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது தலித்துக்கு, பதினான்காவது பழங்குடிக்கு. ஒவ்வொன்றையும் 'தனிப் பதவி' என்று பிரித்துவிட்டால் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. நான்காவது நாற்காலி வரவே வராது. 45ஐயும் சேர்த்து எண்ணியிருந்தால் முறையே 12, 6, 3 என்று 21 இடங்கள் கிடைத்திருக்கும்.

எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்ட் 20 அன்று சமூகநீதியைக் காரணம் காட்டி விளம்பரத்தை விலக்கிக்கொள்ளச் சொன்னது அரசு. 2018இல் தொடங்கி அதுவரை இதே வழியில் நடந்த 63 நியமனங்களுக்கு அந்த நீதி எட்டவில்லை.

சட்டத்தின் மொழியும் இப்படித்தான். 'நிர்வாகத் திறன்' பற்றிய எச்சரிக்கை பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உரிமை பற்றிய 335ஆம் பிரிவில் இருக்கு. இந்த இடஒதுக்கீடுகளில் வராத ஏழைகளுக்கு 10 சதவீதம் வரை தர வழிசெய்த 2019ஆம் வருஷத்து 103ஆம் திருத்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. சந்தேகம் யார் மேல் விழணும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது.

குறளின் 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் 'தகுதி' என்ற சொல் நடுவு நிலைமையையே குறிக்கிறது. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அங்கே தகுதி என்பது அளக்கப்படுபவரின் குணமல்ல, அளக்கிறவரின் அறம். தகுதி இருக்கா என்ற கேள்வியை நாற்காலிக்கு எதிரே நிற்பவரிடம் கேட்டது போதும். நாற்காலியில் உட்கார்ந்து அளக்கிறவரிடம் கேட்போம்.